துப்பாக்கிக்கு ஒரு தாய்ப்பத்திரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, போன தடவை செயற்கை நுண்ணறிவு, அதுக்கு முந்தின தடவை மின்சாரக் கார். பாதிப் பேர் தூங்கிட்டாங்க. இந்தத் தடவை நீ பேசு, ஆனா யாரும் தூங்கக்கூடாது" என்றார். "கொள்ளைக்காரர்களின் துப்பாக்கி பற்றிப் பேசட்டுமா அண்ணா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "நீ இன்ஸ்பெக்ஷன் வேலையில்தானே இருக்கே?" என்றார். அந்த வேலையால்தான் எனக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது என்று சொல்லி ஒருவழியாகச் சம்மதம் வாங்கினேன்.

என் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கொதிகலன், அழுத்தக்கலன் செய்யும் பட்டறைகளுக்குப் போய், வந்திருக்கும் இரும்புத் தகடு சரியான தகடுதானா என்று பார்ப்பது என் பிழைப்பு. ஒவ்வொரு தகட்டிலும் ஒரு ஹீட் நம்பர் குத்தியிருக்கும். எந்த உலையில், எந்த வார்ப்பில் பிறந்த தகடு என்பதற்கு அதுதான் சாட்சி. அந்த எண் ஆலையின் சான்றிதழோடு ஒத்துப்போனால் அது தகடு. ஒத்துப்போகாவிட்டால் எவ்வளவு நல்ல இரும்பாக இருந்தாலும் என் கணக்கில் அது காயலாங்கடைச் சரக்கு. ஒரு பட்டறையில் (பெயர் வேண்டாம்) சான்றிதழ் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. தகட்டில் எண் குத்தியிருந்த இடம் மட்டும் லேசாகப் பள்ளமாக இருந்தது. பழைய எண்ணை அரைத்து எடுத்துவிட்டுப் புது எண் குத்தியிருக்கிறார்கள். நிராகரித்தேன். அந்த முதலாளி, "சார், இரும்பு இரும்புதானே! நீங்க காகிதத்தைப் பார்த்து வேலை செய்யறீங்க" என்று கோபித்துக்கொண்டார்.

அவர் சொன்னது உண்மைதான். நான் காகிதத்தைப் பார்த்து வேலை செய்கிறவன். அதனால்தான், வேலை நிமித்தமாகச் சில வருடம் அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் இருந்தபோது, பழைய துப்பாக்கி ஏலங்களின் விவரப் பட்டியல் ஒன்று கையில் கிடைத்ததும் என்னால் கீழே வைக்க முடியவில்லை. அங்கே ஒரு முழு வியாபாரமே என் முறையில் நடந்துகொண்டிருக்கிறது. விலை போவது இரும்பு என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் விலை போவது காகிதம்.

ஒரு கணக்கு சொல்கிறேன். கோல்ட் கம்பெனியின் 'சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி' என்ற ரிவால்வரை 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. கௌபாய் படங்களில் எல்லோர் இடுப்பிலும் தொங்குமே, அதுதான். ஆறு குண்டு போடும் உருளை. குதிரையைப் பின்னால் இழுத்தால் நான்கு முறை 'கிளிக்' என்று சத்தம் வரும். இரண்டாம் உலகப் போர் சமயம் வரை சுமார் 3,57,000 செய்தார்கள். அபூர்வப் பொருளே அல்ல. 1880-இல் செய்த, தேய்ந்துபோன ஒரு கோல்ட்டைச் சில ஆயிரம் டாலருக்கு இன்றும் வாங்கலாம். ஆனால் அதே 1880-ஐச் சேர்ந்த, வரிசை எண் 55093 கொண்ட ஒரு கோல்ட்டை, 2021 ஆகஸ்ட் 27 அன்று லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் பான்ஹாம்ஸ் நிறுவனம் ஏலம் விட்டது. 20 முதல் 30 லட்சம் டாலர் வரை போகும் என்று அவர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். போனது 60 லட்சத்து 30 ஆயிரம் டாலர். அன்றைய நம் பணத்தில் 44 கோடி ரூபாய்க்கு மேல். அதற்கு முன்னால் துப்பாக்கி ஏலத்தில் சாதனை என்று பேசப்பட்டது, லாஃபயெத் ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கொடுத்த ஒரு ஜோடிக் கைத்துப்பாக்கி. 2002-இல் அது போன விலை 20 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. நாட்டின் முதல் ஜனாதிபதியின் துப்பாக்கியைவிட இந்தத் துப்பாக்கிக்கு மூன்று மடங்கு!

அப்படி அதில் என்ன இருக்கிறது? 1881 ஜூலை 14 இரவு, நியூ மெக்சிகோவில் ஃபோர்ட் சம்னர் என்ற இடத்தில், ஒரு இருட்டறைக்குள் வைத்து பில்லி த கிட் என்ற இளைஞனை ஷெரீப் பேட் காரெட் சுட்டுக் கொன்றார். கொன்றது இந்த ரிவால்வர். செத்தவனுக்கு வயது இருபத்தொன்றோ என்னவோ. இதில் இன்னொரு விசேஷம்: இந்தத் துப்பாக்கி காரெட் கடையில் வாங்கியது அல்ல. 1880 டிசம்பரில் ஸ்டிங்கிங் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் பில்லியின் கூட்டத்தை வளைத்துப் பிடித்தபோது, அந்தக் கூட்டத்தில் ஒருவனான பில்லி வில்சனிடமிருந்து பறித்தது. கூட்டாளியின் துப்பாக்கியாலேயே தலைவனின் கதை முடிந்தது.

கதை பிரமாதம். ஆனால் கதையை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். 'இது பில்லியைக் கொன்ற துப்பாக்கி' என்று சொல்லி ஆயிரம் பேர் ஆயிரம் துப்பாக்கியோடு வரலாம். இந்த ஒன்று மட்டும் எப்படி நம்பப்பட்டது?

நம் ஊரில் நிலம் வாங்கப் போனால் முதலில் என்ன கேட்போம்? தாய்ப்பத்திரம் எங்கே, வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா என்று. யாரிடமிருந்து யாருக்குப் போனது, நடுவில் ஒரு கை விடுபட்டிருக்கிறதா என்று பார்ப்போம். அங்கேயும் அதேதான். கோல்ட் கம்பெனி தன் பழைய பேரேடுகளை இன்னும் வைத்திருக்கிறது. கட்டணம் கட்டி வரிசை எண்ணைக் கொடுத்தால், எந்தத் தேதியில், என்ன குழல் நீளத்தில், யாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதம் கொடுப்பார்கள். ஆனால் பெரும்பாலும் அந்த 'யாருக்கு' என்பது ஒரு மொத்த வியாபாரியின் பெயராக இருக்கும். அங்கிருந்து கொள்ளைக்காரன் இடுப்பு வரைக்குமான வழிக்குப் பேரேட்டில் பதில் கிடையாது. விற்பவர்கள் முட்டி மோதிக்கொள்வதெல்லாம் அந்த இடைவெளியில்தான்.

அதற்கு விதிவிலக்கும் உண்டு. பேட் மாஸ்டர்சன் என்ற பிரபலமான ஷெரீப், 1885-இல் டாட்ஜ் சிட்டியில் ஒரு சாராயக் கடையின் கடிதத்தாளில் கோல்ட் கம்பெனிக்கே நேரடியாக ஆர்டர் எழுதினார். விசை லேசாக இருக்கவேண்டும், முன் குறிமுள் கொஞ்சம் உயரமாகவும் தடிமனாகவும் வேண்டும் என்று நம்மைப் போல ஸ்பெசிபிகேஷனே கொடுத்திருக்கிறார். கம்பெனி அதைப் பாதுகாத்து வைத்தது. இதைவிட நல்ல சான்றிதழ் உண்டா? வேடிக்கை என்னவென்றால், இதே மாஸ்டர்சன் வயதான காலத்தில் நியூயார்க்கில் பத்திரிகை எழுத்தாளராக இருந்தபோது, 'உங்கள் துப்பாக்கியைக் கொடுங்கள்' என்று ஒரு சேகரிப்பாளர் நச்சரிக்க, அடகுக்கடையில் ஒரு பழைய கோல்ட்டை வாங்கி, பிடியில் வரிசையாக வெட்டுக் கோடுகள் போட்டுக் கொடுத்தனுப்பினார் என்று ஒரு கதை உலவுகிறது. ஜெஸ்ஸி ஜேம்ஸின் தாயாரைப் பற்றியும் இப்படித்தான் சொல்வார்கள். மகனின் கல்லறையில் கிடந்த கூழாங்கற்களைக் காசுக்கு விற்றாராம். கல் தீர்ந்தால் ஓடையிலிருந்து அள்ளி வந்து போடுவாராம். 'மகனுடையது' என்று பழைய துப்பாக்கிகளையும் விற்றதாகச் சொல்கிறார்கள். அந்த அம்மாளின் சரக்கை வாங்கியவரின் பேரன், 'எங்கள் தாத்தா அவனுடைய தாயின் கையாலேயே வாங்கினார்' என்று இன்று சத்தியம் செய்தால், அது பொய்ச் சத்தியம் அல்ல. ஆனால் துப்பாக்கி பொய்.

ஆகவே ஏலப் பட்டியலைப் படிக்கத் தனி இலக்கணம் வேண்டும். 'இன்னாருடையது' என்று அடித்துச் சொன்னால் ஒரு விலை. 'இன்னாருடையதாகக் கருதப்படுவது' என்றால் அதில் பாதிகூட இல்லை. 'குடும்ப வழக்கில் சொல்லப்படுவது' என்று போட்டிருந்தால், ஏலக்காரர் மெதுவாகத் தன் கையைக் கழுவிக்கொள்கிறார் என்று அர்த்தம். நம் சோதனை அறிக்கைகளில் 'வாடிக்கையாளர் தெரிவித்தபடி' என்று ஒரு வரி சேர்ப்போமே, அதே தந்திரம்.

சரி, 55093-க்கு வருவோம். காரெட் அந்த ரிவால்வரை, எல் பாசோ நகரில் கோனி ஐலண்ட் என்ற மதுக்கடை நடத்திய டாம் பவர்ஸ் என்ற நண்பரிடம் கொடுத்து வைத்தார். பிரபலங்களின் துப்பாக்கிகளைக் கடையில் மாட்டி வைப்பது பவர்ஸின் பழக்கம். வருகிறவன் துப்பாக்கியைப் பார்ப்பான், இன்னொரு கிளாஸ் குடிப்பான். 1908 பிப்ரவரி 29 அன்று காரெட்டையே யாரோ சுட்டுக் கொன்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் விடுதலையானான். துப்பாக்கி மதுக்கடையிலேயே இருந்தது. பல வருடம் கழித்து பவர்ஸும் போய்ச் சேர்ந்தார். அவர் சொத்தைப் பிரிக்கும்போதுதான் கேள்வி வந்தது: காரெட் இதைத் தானமாகக் கொடுத்தாரா, இரவலாகக் கொடுத்தாரா?

காரெட்டின் மனைவி அப்பொலினாரியா 1930களில் வழக்குப் போட்டார். அப்போது அவர் வயதான விதவை. கணவர் பெரிய சொத்து எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. மதுக்கடைக்காரரின் வாரிசுகளோடு நீதிமன்றத்தில் நின்று, அது இரவல்தான் என்று வாதாடி, வென்று, கணவரின் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதன் பிறகு அது மகன் கைக்குப் போனது.

என்னைக் கேட்டால் அந்த 60 லட்சம் டாலரில் பாதியாவது இந்த வழக்குக்குத்தான் சேரும். எந்தத் துப்பாக்கி, யாருடையது, யார் கையில் எப்போது இருந்தது என்பதெல்லாம் எதிர்க்கட்சிக்காரர் முன்னிலையிலேயே அலசப்பட்டுத் தீர்ப்பாகிவிட்டது. குறுக்கு விசாரணையைத் தாண்டிய காகிதம் அது. பேரன் எழுதித் தரும் சத்தியப் பத்திரம் அதன் பக்கத்தில் நிற்குமா? அந்த அம்மாள் சான்றிதழ் தயாரிக்கவேண்டும் என்று நினைத்து வழக்குப் போடவில்லை. தன் வீட்டுப் பொருள் தன் வீட்டுக்கு வரவேண்டும் என்றுதான் போட்டார்.

இப்போது இந்தக் கூட்டத்துக்காகவே வைத்திருந்த செய்தி. இந்தத் துப்பாக்கி கடைசியாக யாரிடம் இருந்தது தெரியுமா? டெக்சாஸில் ஜிம் ஏர்ல், தெரசா ஏர்ல் என்ற தம்பதியிடம். கணவர் பெரிய எண்ணெய் முதலாளி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இல்லை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் எஞ்சினீயரிங் டிராயிங் வாத்தியார்! ஜேம்ஸ் எச். ஏர்ல் என்ற பெயரில் எஞ்சினீயரிங் கிராபிக்ஸ் பாடப்புத்தகங்கள் எழுதியவர். மாணவர் பத்திரிகையில் கார்ட்டூனும் போட்டவர். (நம் டிராயிங் சார் முன் வரிசையில் சிரிக்கிறார். சார், உங்கள் வீட்டு அலமாரியையும் ஒருநாள் வந்து பார்க்கிறோம்.) மேற்குப் பிரதேசச் சரித்திரத்தில் மூழ்கி, பல பத்து வருடங்கள் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். அதே ஏலத்தில் அவர்களுடைய இன்னொரு பொருளும் போனது. 1881 ஏப்ரல் 28 அன்று பில்லி, லிங்கன் ஊர் நீதிமன்றக் கட்டடத்திலிருந்து இரண்டு காவலர்களைக் கொன்று தப்பினான். அதில் பாப் ஒலிங்கர் என்ற காவலரைக் கொன்ற இரட்டைக்குழல் துப்பாக்கி அது. 9,78,000 டாலருக்கு மேல் போனது.

டிராயிங் என்றதும் ஒரு சின்ன விலகல். பில்லி இடதுகைக்காரன் என்று வெகு காலம் உலகமே நம்பியது. சினிமாவே எடுத்தார்கள். காரணம், அவனுடைய ஒரே ஒரு நிச்சயமான புகைப்படம். அதில் ரிவால்வர் இடது இடுப்பில் தொங்குகிறது. ஆனால் அதே படத்தில் அவன் கையில் பிடித்திருக்கும் வின்செஸ்டர் 1873 துப்பாக்கியைப் பாருங்கள். குண்டு நுழைக்கும் வாய் அந்த மாடலில் வலது பக்கம்தான் உண்டு. படத்தில் இடது பக்கம் தெரிகிறது. தகரத் தட்டில் எடுத்த பழைய படம், கண்ணாடியில் பார்ப்பது போல இடவலம் மாறி விழுந்திருக்கிறது! ஒரு துப்பாக்கியின் அமைப்பை ஒழுங்காகத் தெரிந்த ஒருவர் ஒரு நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். 'வலது பக்கத் தோற்றம், இடது பக்கத் தோற்றம்' என்று முதல் வருடத்தில் நம்மை வறுத்தெடுத்தது வீண் அல்ல.

இன்னொன்றும் பொறியாளர்களுக்குச் சிரிப்பு வரவைக்கும். அமெரிக்க மத்திய அரசின் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கி 'தொன்மைப் பொருள்'. சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியே அல்ல. 1899 ஜனவரியில் அதே பட்டறையில், அதே வரைபடத்தில், அதே கடைசல் எந்திரத்தில் செய்தது துப்பாக்கி. நூலிழை வித்தியாசம் கிடையாது. பில்லியைக் கொன்ற கோல்ட் அந்தக் கணக்கில் பூஜை அறை மணி மாதிரி ஒரு பழம்பொருள்.

பானி பார்க்கர், கிளைட் பாரோ ஜோடியின் துப்பாக்கிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. அவை 1930களைச் சேர்ந்தவை. இவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். சினிமாவில் பார்த்திருப்பீர்கள். பாட்டும் அழகும் எல்லாம் சினிமாவோடு சரி. 1933 ஏப்ரல் 13 அன்று மிசௌரியில் ஜாப்ளின் நகரில் அவர்கள் ஒளிந்திருந்த வீட்டைப் போலீஸ் சுற்றி வளைத்தபோது இரண்டு போலீஸ்காரர்கள் செத்தார்கள். அந்த வீட்டில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட தாம்ப்ஸன் எந்திரத் துப்பாக்கி 2012 ஜனவரியில் கான்சஸ் சிட்டியில் 1,30,000 டாலருக்குப் போனது. ஒரு வின்செஸ்டர் வேட்டைத் துப்பாக்கி 80,000.

1934 மே 23 அன்று லூசியானாவில் ஒரு கிராமச் சாலையில் ஆறு அதிகாரிகள் பதுங்கியிருந்து அவர்கள் காரைச் சல்லடையாக்கினார்கள். அடுத்து நடந்ததுதான் எனக்கு மறக்காதது. செய்தி பரவியதும் கூட்டம் கூடிவிட்டது. பானியின் தலைமுடியையும் ரத்தம் தோய்ந்த உடையையும் வெட்டி எடுத்தார்கள். ஒருவன் கிளைட்டின் காதை அறுக்கப் பேனாக்கத்தியோடு நின்றான். இன்னொருவன் விசை இழுத்த விரலுக்கு அலைந்தான். ஏலக் கூடம் கண்ணாடி விளக்கும் குளிர்சாதனமுமாகப் பின்னால் வந்தது. ஏலத்துக்கான பசி அந்தச் சாலையிலேயே, உடல் ஆறுவதற்குள்ளேயே வந்துவிட்டது.

அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவர் ஃபிராங்க் ஹேமர் என்ற ஓய்வு பெற்ற டெக்சாஸ் ரேஞ்சர். மாதம் 180 டாலர் சம்பளத்துக்கு இந்த வேலைக்கு வந்தவர். சம்பளம் குறைவு என்பதால், காரில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்பதும் பேச்சின் ஒரு பகுதி. துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டார். இத்தனைக்கும் அந்தக் கூட்டத்தின் ஆயுதங்களில் பல, அரசாங்கத்தின் தேசியக் காவல்படைக் கிடங்குகளை உடைத்துத் திருடியவை. திருட்டுப் பொருளைப் பிடித்தால் உடையவரிடம் சேர்ப்பதுதானே முறை? அந்தக் கேள்வியை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

2012 செப்டம்பர் 30 அன்று நியூ ஹாம்ஷயர் மாநிலம் நாஷுவாவில் நடந்த ஏலத்தில், கிளைட்டின் இடுப்பிலிருந்து எடுத்ததாகச் சொன்ன .45 கோல்ட் 2,40,000 டாலருக்குப் போனது. பானியின் தொடையில் பிளாஸ்திரியால் ஒட்டியிருந்ததாகச் சொன்ன .38 கோல்ட் 2,64,000 டாலருக்குப் போனது. இரண்டாவதற்கு ஆதாரம், ஹேமரின் மகன் 1979-இல் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு கடிதம். அப்பா எடுத்தார் என்று மகன், சம்பவம் நடந்து 45 வருடம் கழித்துச் சொல்கிறார். பொய் என்று நான் சொல்லவில்லை. என் மேஜைக்கு இப்படி ஒரு சான்றிதழ் வந்தால், 'அடுத்த காகிதம் எங்கே?' என்று கேட்டிருப்பேன், அவ்வளவுதான்.

இந்தக் கைமாற்றப் பத்திரங்களைப் படிக்கப் படிக்க ஒன்று தெரிகிறது. எல்லாம் சுட்டவர் வீட்டில் ஆரம்பிக்கின்றன. பில்லியின் வாழ்க்கைச் சரித்திரத்தை அவன் செத்த மறு வருடமே வெளியிட்டவர் யார்? அவனைக் கொன்ற காரெட்தான், ஒரு பத்திரிகைக்கார நண்பரை எழுத வைத்து. வென்றவன் பேரேட்டைத்தான் ஏலக்காரன் புரட்டுகிறான். வேறு பேரேடு அவனுக்குக் கிடைப்பதும் இல்லை.

ஆனால் பானி, கிளைட் விஷயத்தில் தோற்ற பக்கத்திலிருந்தும் ஒரு காகிதம் உண்டு. கிளைட்டின் தாய் குமி பாரோ, பெரிய படிப்பில்லாத ஏழைப் பெண்மணி, மகன் செத்த இரண்டு மாதத்துக்குள் ஹேமருக்கு ஒரு கடிதம் எழுதினார். என் மகனை எந்த நீதிமன்றமும் கொலைக்காக விசாரித்ததில்லை, நிரூபிக்கப்படும்வரை யாரும் குற்றவாளி இல்லை, அந்தத் துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுங்கள், பதில் போடுங்கள் என்று கேட்டிருந்தார். அவன் கையால் செத்தவர்களின் வீடுகளிலும் தாய்மார்கள் இருந்தார்கள். அதையும் மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன். துப்பாக்கிகள் திருட்டுப் பொருள் என்பதால் சட்டப்படி அவர் கேட்டது நிற்காது என்றும் எனக்குத் தோன்றுகிறது. ஷெரீப்பின் மனைவிக்கு வக்கீல் கிடைத்தார், நீதிமன்றம் கிடைத்தது, துப்பாக்கி கிடைத்தது. குமி பாரோவுக்கு ஒரு தபால் தலை மட்டும் கிடைத்தது.

ஹேமர் பதில் எழுதியதாக எந்தப் பதிவும் இல்லை.